நீ கருகுதுன்னு சொன்ன காயில்

அன்புள்ள மாப்ள செல்வத்துக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உன் மேல் இருந்த கோபத்தில் உன் பெயரைக்கூட யாரிடமும் பேசாமல் இருந்தேன். அந்தக் கோபத்துக்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று போன வாரம்தான் தெரிந்தது.

உன் மச்சினன், தமிழரசியின் தம்பி, பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பேட்டரியில் ஓடும் மின்சிகரெட் ஒன்றை, வேப் என்பார்களே அதை, உன் கையில் கொடுத்தானே, நினைவிருக்கிறதா? "மாமா, சிகரெட்ட விடுறதுக்கு இதப் புடிங்க. அப்புறம் இதையும் விட்டுடுங்க" என்றான். தமிழரசிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. ஆனால் படகிலிருந்து கரைக்கு ஏறவே உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவன் திரும்பிப் போன சில நாளில் உள்ளே திராட்சை வாசனை லிக்விடைச் சூடாக்கிப் புகையாக்கும் காயில் தீய்ந்துபோனது. இங்கே அதை விற்கத் தடை என்பதால் கடையில் கேட்கவும் முடியாது. நீ நேராகப் பட்டினத்துக்கு, மோட்டார் காயில் கட்டும் என் கடைக்கு வந்து நின்றாய்.

"தண்ணி மோட்டாருக்கே கட்டுற. இந்தத் துக்கடாவுக்குக் கட்டமாட்டியா மச்சான்?"

காயில் சூடாகக் கூடாதே என்று பயந்து பயந்து கட்டுவது என் தொழில். உனக்கோ சூடாவதற்கென்றே கட்ட வேண்டியிருந்தது. செம்பு ஆகாது என்று, ஹீட்டரில் போடும் நிக்ரோம் கம்பி வாங்கினேன். தடித்த கம்பியில் ருசி மந்தமாக இருக்கிறது என்றாய், மெல்லியதற்கு மாறினேன். மூன்று மில்லி டிரில் பிட்டில் ஆறு சுற்று சுற்றி, காற்று வரும் துளையை ஒட்டி இறக்கி வைத்தால்தான் ருசி நாக்குக்கு வருகிறது என்று இரண்டு பேருமாகக் கண்டுபிடித்தோம். பஞ்சை இறுக்கினால் லிக்விட் ஏறாது, தளர்த்தினால் ஒழுகும். பட்டனை அழுத்தி, காயில் நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் சீராகச் சிவக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பஞ்சை நுழைத்து உன்னிடம் தருவேன். நான் புகைக்கிறவன் இல்லை. கண்ணுக்குத் தெரிவதை நான் பார்த்தேன், ருசியை நீ சொன்னாய்.

"பன்னீர் திராட்சைய வாயில போட்ட மாதிரி இருக்கு மச்சான்" என்று நீ சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் சிகரெட்டைத் தொடவில்லை நீ. "மூக்கு திரும்பி வந்துருச்சு மச்சான்" என்று சந்தோஷப்பட்டாய். ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கி முகர்ந்து, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று பழையபடி சொல்ல ஆரம்பித்தாய். கூடவே என் காயிலைக் குறை சொல்லவும் ஆரம்பித்தாய். கருகுது என்றாய். மாற்றினேன். மறுபடியும் கருகுது என்றாய். கம்பியை மாற்றினேன், சுற்றைக் குறைத்தேன், பஞ்சைக் குறைத்தேன். நான்காவது தடவை வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போது சொன்னாய்.

"மோட்டார் கட்டுற கைக்கு இது வரலடா. கருகுது."

"வராதுல்ல? வேற ஆளப் பாத்துக்க. உனக்கு இனிமே கட்டமாட்டேன்."

நீ வேப்பை என் மேசை மேல் வைத்துவிட்டு இறங்கினாய். ரோட்டைத் தாண்டி எதிர்ப் பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்தாய். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்து அதைப் பிடுங்கிப் போட எத்தனை அடி நடந்திருக்க வேண்டும்? நீயாவது ஒருநாள் பொறுத்திருக்கக் கூடாதா? அப்படி என்ன ரோஷம் உனக்கு?

அன்றிலிருந்து நான்காம் மாதம் ஏலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டில், "அந்தப் புகை மிஷின்தான் கொன்னுருச்சு, அதக் கட்டிக் குடுத்தது இவன்தான்" என்று என் காது படவே பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கட்டிக் கொடுக்காமல் நிறுத்தியவன் என்று சொல்வதைவிட அந்தப் பழி எனக்கு வசதியாக இருந்தது.

போன வாரம் தமிழரசி மிக்ஸி மோட்டாரைக் கொண்டுவந்தாள். உன் பொருள் என்னிடம் எதற்கு என்று வேப்பையும் மிச்சமிருந்த பஞ்சுப் பொட்டலத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"என்னண்ணே, பஞ்சுல வார்னிஷ் வாசன அடிக்குது?"

முகர்ந்து பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க கை, சட்டை, கடை எல்லாம் அந்த வாசனதானே."

மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷ், மாப்ள. நாள் முழுக்க அதில் முங்கிய விரலால்தான் உன் பஞ்சைத் திரித்து நுழைத்தேன். சிகரெட் அடைத்திருந்த மூக்குக்கு அது சூட்டில் கருகும் வாசனை முதலில் தெரியவில்லை. மூக்கு திறந்ததும் தெரிந்துவிட்டது. மீன் விஷயத்தில் ஊரே நம்பிய மூக்கை நான்தான் நம்பவில்லை.

மருந்துக்கடையில் புதுப் பஞ்சு வாங்கி, தமிழரசியையே அவள் கையால் நுழைக்கச் சொன்னேன். லிக்விட் விட்டு பட்டனை அழுத்தினேன். "கருகல் இல்லண்ணே. திராட்ச வாசனதான் வருது" என்றாள்.

அப்போதுதான் அன்று நடந்ததை அவளிடம் சொன்னேன்.

"அவரு அப்படிச் சொல்லலியே. மச்சானுக்கு வேல நெறைய கெடக்கு, பாவம், கட்ட நேரமில்லன்னுதான் எங்கிட்ட சொன்னாரு."

மிக்ஸி எப்போது கிடைக்கும் என்றுகூடக் கேட்காமல் போய்விட்டாள். கட்டி முடித்து வைத்திருக்கிறேன், நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவள் என்ன கேட்டாலும் நின்று பதில் சொல்வேன். என் வேலையில் இனி யார் குறை சொன்னாலும் முதலில் கையைக் கழுவுவேன், பிறகுதான் வாயைத் திறப்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
நேரமிருந்தும் கட்டித் தராத
உன் மச்சான்