சோளகத்தில் முன்னால் போனவர்

அக்கா,

முந்தநாள் சைக்கிள் கடைக்காரர் என் சைக்கிளின் பின் சக்கர மட்காட்டை இறுக்கிவிட்டார். நான் கேட்கவில்லை. டயருக்கு ஒட்டுப் போடத்தான் கொடுத்தேன். எடுக்கப் போனபோது, "கடகட எண்டு அடிச்சுக்கொண்டு கிடந்தது, இறுக்கி விட்டிருக்கிறன். இனிச் சத்தமே வராது அக்கா" என்றார். பாவம், நல்ல மனுசன். ஏறி மிதித்தேன். ஒழுங்கை திரும்பும் முடக்கு வரைக்கும் சைக்கிளில் ஒரு சத்தமும் இல்லை. தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்கிவிட்டது, கரையில் ஒதுங்கின சாதாளைக் கடற்புல் அழுகும் மணம் காற்றோடு வந்தது. அந்த மணத்துக்குள் சத்தமில்லாத சைக்கிளில் போக எனக்கு ஏலவில்லை. இறங்கி வேலியோரம் நின்றேன். உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

புங்குடுதீவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்க இரண்டு பெண்கள் வேண்டும் என்றபோது, எங்கள் சுருவிலில் இருந்து ஒருத்தரும் போக விரும்பவில்லை. அவ்வளவு தூரம் யார் மிதிப்பது? நீங்கள்தான் என் வேலிப் படலையில் வந்து நின்று, "பிள்ளை, சைக்கிள் ஓடுவீர்தானே?" என்றீர்கள். ஓம் என்றேன். ஓடுவேன் என்றால், கடைக்கும் கோயிலுக்கும். அதை அப்போது சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

முதல் நாளே பெரிய றோட்டை விட்டுவிட்டு ஒழுங்கைக்குள் திருப்பினீர்கள். பனங்கூடலுக்குள்ளால் போய், வெங்காயத் தோட்டங்களைச் சுற்றி, மாடுகள் மேயும் தரவையைக் குறுக்கறுத்துப் போகிற பாதை. பெரிய றோட்டால் போனால் கால் மணித்தியாலம் மிச்சம் என்று முணுமுணுத்தேன். "பஸ்ஸுக்குப் பயந்து மிதிக்கிறதிலும் பாக்க மாட்டுக்கு விலத்தி மிதிக்கிறது சுகம்" என்றீர்கள். உண்மைதான். மாரியில் தரவை முழுக்கத் தண்ணீர் நின்று பச்சைப்பசேல் என்றிருக்கும். கோடையில் அதே இடம் வெடித்து உப்புப் பூத்துக் கிடக்கும். தரவைக்கு நடுவே ஒரு கிணறு. அங்கே ஒரு சிவப்பு மாடு உங்களைக் கண்டால் மட்டும் எழும்பி வரும். ஒருநாள் பழஞ்சோற்றைக் கொடுத்துப் பழக்கிவிட்டீர்கள். பிறகு அது கிணற்றடியில் வழி மறிக்கத் தொடங்கிவிட்டது. மாட்டின் கதையைத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது. விடுவோம்.

தரவை முடிந்தால் தாம்போதி. இரண்டு பக்கமும் கடல், நடுவில் றோட்டும் ஒரு சின்னப் பாலமும், ஒதுங்க ஒரு மரம் இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் மீன் பிடிக்க நட்ட களங்கண்டித் தடிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தடியிலும் ஒரு கொக்கு. அந்தக் கரைக்குப் போய்விட்டால், கூரை இல்லாத வீடுகள், சுவருக்குள்ளால் முளைத்த ஆலங்கன்றுகள், சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிற பூட்டின கேற்றுகள். அதற்குப் பிறகு நிழல்தான்.

அந்தத் தாம்போதியில்தான் எனக்கு உங்களில் கோபம். எப்போதும் நீங்கள் முன்னால், நான் பின்னால். பக்கத்தில் வந்தால் எட்டி மிதிப்பீர்கள். முந்தப் பார்த்தால் கையால் மறிப்பீர்கள். கதைக்கவும் ஏலாது. உங்கள் முதுகையும், வியர்வையில் ஒட்டின சட்டையையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏனக்கா, நான் என்ன உங்கடை வாலோ?"

"வால் இல்லாத மாடு ஈக்கு என்ன செய்யும்? பேசாமல் வாரும்."

வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் என்னை முன்னால் விடுவீர்கள். கார்த்திகை பிறந்தால் அதுவும் மாறிவிடும். போகும்போது நான் முன்னால், வரும்போது நீங்கள். இது என்ன சட்டம் என்று என் மனுசனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். "அவவுக்கு முன்னுக்கு நிக்கிற குணம்" என்றார். நானும் அப்படியே நம்பினேன். அக்கா, நான் படிக்காதவள். ஆனால் அது படிப்பில்லாததால் வந்த பிழை இல்லை.

ஒரு லீவு நாளில் நெடுந்தீவுக்குப் போனோமே, நினைவிருக்கும். சைக்கிள்களைப் படகின் மேல்தட்டில் போட்டுக் கட்டினார்கள். இறக்கும்போது என் மட்காட்டை ஆணியோடு இறுக்கிப் பிடிக்கிற சுரை எங்கேயோ விழுந்துவிட்டது. அன்றைக்குத் தொடங்கினதுதான் அந்தக் கடகட. படகுக்காரன், "சுரை கடலுக்கை போட்டுது அக்கா, மீன் முழுங்கினா வந்து சொல்லுறன்" என்றான். நெடுந்தீவு ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் கடற்கல் அடுக்கின மதில்கள். தூரத்தில் குதிரைகள் நின்றன. அங்கே முதல் தடவையாக என் பக்கத்தில் சைக்கிள் ஓட்டினீர்கள். உங்கள் அண்ணன் வெளிநாடு போன கதை, சீதனக் காணி கைவிட்டுப் போன கதை, எல்லாம் சொன்னீர்கள். "என்னக்கா, இண்டைக்கு என்னைப் பக்கத்திலை விடுறியள்?" என்று கேட்டேன். "இஞ்சை மதில் கிடக்குத்தானே" என்றீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதிலைப் பார்த்தேன். மதில் மதிலாகத்தான் இருந்தது.

திரும்பி வந்ததும் மட்காட்டுக்குச் சுரை போடுவோம் என்றேன். விடவில்லை.

"அந்தச் சத்தம் கிடக்கட்டும்."

"ஊர் முழுக்கச் சிரிக்குதக்கா. நான் வாறன் எண்டு நாய்க்கும் தெரியுது."

"நாய்க்குத் தெரிஞ்சா என்ன, எனக்கும் தெரியட்டும்."

கடைசியாக நாங்கள் சேர்ந்து போன நாளும் சோளகக் காலம்தான். தாம்போதித் தொடக்கத்தில் நின்றீர்கள். போத்தல் தண்ணீர் முழுவதையும் குடித்தீர்கள். பிறகு, "இண்டைக்கு நீர் முன்னால போம்" என்றீர்கள்.

எனக்கு வந்த சந்தோசப் புழுகத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருசத்துக்குப் பிறகு சட்டத்தை மாற்றி முதலிடம் தந்திருக்கிறீர்கள், நான் யாரென்று காட்ட வேண்டாமா? எழும்பி நின்று மிதித்தேன். காற்று நெஞ்சில் வந்து அடித்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. இன்றைக்கு ஏதோ இல்லாத காற்று என்று நினைத்துக்கொண்டு, இன்னும் பலமாக மிதித்தேன். பாலத்தடியில் போய் நின்று திரும்பிப் பார்த்தால், நீங்கள் தூரத்தில் ஒரு கொக்கின் அளவில் தெரிந்தீர்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தீர்கள்.

"பாத்தியளே, நான் முன்னால போனா உங்களாலை பிடிக்க ஏலாது" என்றேன்.

பாலக் கட்டில் இருந்து மூச்சு வாங்கினீர்கள். பிறகு சிரித்துக்கொண்டு, "உம்மடை சத்தம் கேக்கேல்லை" என்றீர்கள். பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அடுத்த கிழமை நீங்கள் வேலைக்கு வரவில்லை. நெஞ்சு நோவு வருத்தம், பெரியாஸ்பத்திரியில் சேர்த்து மறித்துவிட்டார்கள் என்று உங்கள் மகள் வந்து சொன்னாள். நான் தனியே போனேன். அதே றோட்டு, அதே சைக்கிள், அதே சோளகம். தாம்போதியில் அரைவாசி போகவில்லை, இறங்கிவிட்டேன். மறுநாளும் இறங்கினேன். மூன்றாம் நாள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றபோதுதான், இவ்வளவு காற்றும் இத்தனை வருசம் எங்கே இருந்தது என்று யோசித்தேன். அது உங்கள் நெஞ்சில் இருந்தது அக்கா. காற்று எந்தப் பக்கத்தால் வந்ததோ அந்தப் பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். சோளகத்தில் போகும்போது, கார்த்திகைக்குப் பிறகு எதிர்ப்பக்கத்தால் வீசும் வாடையில் வரும்போது. மதில் இருந்த இடத்தில் மட்டும் பக்கத்தில் வந்தீர்கள். என் சத்தம் தள்ளிப் போனால் மெதுவாக மிதித்திருக்கிறீர்கள்; ஒருநாளும் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் உங்களுக்கு ஏலாமல் வந்த அன்றைக்கு, என் முதுகை ஒரே ஒருநாள் கேட்டீர்கள். நான் அதைக் கொண்டு ஓடிவிட்டேன்.

கார்த்திகையில் ஆஸ்பத்திரிக்கு இதைச் சொல்லத்தான் வந்தேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டிலில் மெலிந்து கிடந்த உங்கள் கையைப் பார்த்தேன். பருப்பு விலை கதைத்தேன், சிவப்பு மாடு கன்று போட்டதைக் கதைத்தேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்.

"வாடை தொடங்கிட்டுதோ?"

"ஓமக்கா."

"அப்ப போகேக்கை லேசு. வரேக்கைதான் கவனம்."

அவ்வளவுதான். பிறகு நான் வந்தது உங்கள் செத்தவீட்டுக்கு.

உங்கள் இடத்துக்கு இப்போது ராணி வருகிறாள். நெடுந்தீவில் பிறந்து எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். நாற்பது வயதுக்கு மேல். வாய் கொஞ்சம் நீளம். புதுச் சைக்கிள், எண்ணெய் போட்ட மாதிரி ஓடும். சோளகம் தொடங்கின நாளில் இருந்து நான்தான் முன்னால். ஆனால் பின்னால் அவள் நிற்கிறாளா, விழுந்தாளா என்று தெரியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்து ஒருநாள் கடலுக்குள் போகப் பார்த்தேன்.

அதனால் நேற்று மறுபடி கடைக்குப் போனேன். முந்தநாள் போட்ட புதுச் சுரையைக் கழற்றச் சொன்னேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சத்தம் வரப் பண்ணித் தாங்கோ எண்டு கேட்ட ஆள் இந்தத் தீவிலை நீங்கள் ஒராள்தான்" என்றார். கழற்றித் தந்தார். இன்று காலை அந்தச் சைக்கிளை ராணியிடம் கொடுத்து, அவளுடையதை நான் வாங்கினேன்.

"என்னக்கா, என்ரை புதுச் சைக்கிளிலை கண் வைச்சிட்டியளோ?"

"ஓம். ஏறும்."

தாம்போதியில் காற்று வழமை போல நெஞ்சில் வந்து நின்றது. பின்னால் கடகட, கடகட. "ஏன் இப்பிடி ஊருறியள்? வயது போட்டுது, விடுங்கோ நான் முன்னால போறன்" என்று ராணி கத்தினாள். கையால் மறித்தேன். பாலம் தெரிகிற இடத்தில் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. மிதிக்கிறதை நிறுத்தி, சைக்கிளைச் சும்மா ஓட விட்டேன். சத்தம் கிட்ட வந்து சேர்ந்தது. பிறகு மிதித்தேன்.