எழுத்து விழாத திரை

குத்துக்கல்வலசை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஹம்தான் அண்ணனுக்கு, காளீஸ்வரி எழுதுவது. மஸ்கட்டில் நீங்களும் மைனியும் சுகமென்று நம்புகிறேன். போனில் பேசினால் அத்தை காதில் விழும். அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

சாரல் தொடங்கிவிட்டது. உங்கள் சிநேகிதர் ஐந்தருவி ரோட்டில் பைக்கோடு விழுந்து நம்மை விட்டுப் போய் அடுத்த மாதம் வருஷம் திரும்புகிறது.

அவர் பார்த்த வேலையை அவர் லேப்டாப்பிலேயே நான் பார்க்கிறேன் அல்லவா? அவர் எழுதிய கடவுச்சொல் புரோகிராம் முடிந்த பிறகும் நான் தட்டும் எழுத்து திரையில் விழவில்லை என்று போனில் கேட்டேன். நீங்கள் விளக்கினீர்கள். கடவுச்சொல்லை யாரும் பார்த்துவிடாதபடி அது எழுத்தை மறைக்கிறது. திரும்பத் தெரியவைக்காமலே முடிந்துவிடுகிறது. நடுவில் செத்துப்போன புரோகிராம் என்றால், நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் பழைய அமைப்பைத் தானே மீட்டுவிடும். ஒழுங்காக முடிந்ததென்றால், அது விட்டுப்போனபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடும் என்றீர்கள். அன்றைக்கு அந்த ‘நடுவில் செத்துப்போன’ என்ற சொல்லோடு போனை வைத்துவிட்டேன்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. ஒருநாள் மத்தியானம் அந்தத் திரையில் ‘வாரீங்களா’ என்று தட்டினேன். தட்டியது தெரியவில்லை. ‘வாரீங்களா: அப்படியொரு கட்டளை இல்லை’ என்று இங்கிலீஷில் பதில் மட்டும் வந்தது. பின்னால் அத்தை நின்றிருந்தார்கள். “ஏட்டி, நீ எழுதுதது விழல, பதில் மட்டும் வருது. யாரு, வல்லிநாயகமா?” என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

அதிலிருந்து தினமும் சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். “சாப்பிட்டானான்னு கேளுட்டி.” தட்டுவேன். அதே பதில்தான் வரும். “என்ன சொல்லுதான்?” “சாப்பிட்டாராம் அத்தை.” மகன் போன பிறகு ஒரு வாய்க் கஞ்சிக்கே கெஞ்சவைத்தவர்கள், சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய திருத்தத்தைப் போட்டேன். எழுத்து தெரிந்தது. அத்தை திரையைப் பார்த்தார்கள். “எழுத்து தெரியுதே. அவன் எந்திச்சுப் போயிட்டானா?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்கள்தான். பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. நேற்று அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டேன். அத்தைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

திவசத்துக்கு வருவதாகச் சொன்னீர்கள். அவசியம் வாருங்கள், மழை ரோடு, வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். லேப்டாப்பைச் சரிசெய்ய மட்டும் முனைய வேண்டாம் அண்ணே. அத்தை உங்களையும் உட்காரவைத்து, அவரிடம் ஏதாவது கேட்கச் சொல்வார்கள். மறுக்காமல் தட்டுங்கள். என்ன பதில் வந்தது என்று அவர்களிடம் சொல்லும்போது, அடுப்படியில் நிற்கும் எனக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
காளீஸ்வரி