எட்டு என்று எழுதிய நாட்கள்

ஸ்கந்தபுரம்
12.06.2024

அன்பு மகள் மேனுகாவுக்கு,

நோர்வேயில் நீ சுகமாக இருக்க அம்மாளாச்சி காவல். இங்கே நானும் சுகம் என்றுதான் உனக்கு எப்போதும் சொல்லிவந்தேன், அது பொய், இனிச் சொல்லமாட்டேன். போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசிச் சண்டையில் செல் வெடித்து என் முதுகில் துண்டு பட்ட இடத்துக்குப் பதினைந்து வருடமாக டொக்டர்மார் பனடோல்தான் தந்தார்கள், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம். போன மாசியில் ஒரு நேர்ஸ், நோவோடும் மனச்சோர்வோடும் இருக்கிற பெண்கள் கூடிக் கதைக்கிற இடத்துக்கு அனுப்பினாள். புதன்கிழமைகளில் முன்பள்ளியில் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் ஒன்பது பேர் இருக்கிறோம். நடத்துகிற சுமித்திராவுக்கு உன் வயதுதான். கதைச்சால் நோ போகுமோ பிள்ளை என்று முதல் நாளே கேட்டேன். முழுக்கப் போகாது அம்மா, ஆனா எப்ப கூடுது எண்டு தெரியவரும் என்றாள். ஒரு கொப்பி தந்து, நோவு பத்துக்கு எத்தனை என்றும் அன்று என்ன நடந்தது என்றும் தினமும் எழுதச் சொன்னாள்.

தண்ணீர் சுமந்த நாள் ஐந்து. களை பிடுங்கின நாள் ஆறு. மூன்று மாதத்தில் எட்டு என்று ஏழு தடவைதான் எழுதியிருக்கிறேன், ஏழும் உன் பெரியப்பா கனகலிங்கம் எங்கள் வீட்டுக்கு வந்த நாட்கள். டொக்டர்மார் தேடின துண்டு மோட்டச்சைக்கிளில எல்லோ வந்து போகுது என்றா எங்களோடு வந்திருக்கிற ராஜினி அக்கா. நான்தான் முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை, போகவிடவும் மாட்டேன். சண்டை முடிந்து முகாமில் எழும்ப முடியாமல் கிடந்த என்னை வேலைக்கள்ளி, நடிக்கிறாள் என்றவர் அவர். உன் அப்பாவைக் காணவில்லை என்று கத்தினதற்கு விசரி என்று சனத்துக்குச் சொன்னவரும் அவர்தான். பத்து வயதில் நீயும் ஒருநாள், நடிக்காதீங்கோ அம்மா என்றாய். அதை உன் வாயில் போட்டவரை மன்னிக்கமாட்டேன்.

போன ஞாயிறும் வந்தார். இலட்சுமி, அந்த விசர் வகுப்பை நிப்பாட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரர் அறிஞ்சால் மரியாதையில்லை என்றார். நான் தேநீர் கொடுக்கவில்லை. கொப்பியை எடுத்துவந்து அந்த ஏழு நாட்களையும் திகதியோடு அயலுக்குக் கேட்கும்படி வாசித்தேன். நாலாவதிலேயே எழும்பிப் போகச் செருப்பைத் தேடினார். கோபத்தை மெல்ல இறக்கி வையுங்கோ அம்மா என்கிறாள் சுமித்திரா. அடுத்த வருடம் பார்ப்போம் என்றேன்.

ஆவணியில் உன் கலியாணத்தில் அப்பாவின் இடத்தில் பெரியப்பா நின்று தாரை வார்க்கட்டும் என்று கேட்டிருந்தாய். முடியாது. என் தம்பி செந்தூரனும் மனைவியும் நிற்கட்டும். பெரியப்பா மணவறையில் ஏறினால் நான் வரமாட்டேன். யோசித்துப் பதில் போடு, கோபித்தாலும் பரவாயில்லை.

நீயும் வரப்போகிறவரும் நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். உனக்கும் இடுப்பு நோகுது என்றாயே, நடிக்கிறாய் என்று அங்கே யாராவது சொன்னால் பெயரை எழுதி அனுப்பு.

உன் அம்மா
இலட்சுமி

இன்று மூன்று.