நக்கோடாவுக்கு ஐம்பத்தைந்து வயது

இன்று நான் வேலை பார்க்கும் கடையில் ஒரு குழந்தை பவுடர் டப்பாவைத் திறந்து அப்படியே அமுக்கிவிட்டது. அடுக்குக்கு அடுக்கு வெள்ளைப் புகை. தெப்ராவ் மால் கூட்டத்துக்கு நடுவில் நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, கூட்டாமல், அந்த வாசனையை இழுத்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் வந்து, "அடிக், ஓகே கா?" என்று தங்கச்சியைக் கேட்பதுபோல் மலாயில் கேட்டார். தலையாட்டினேன். ஓகே இல்லை. பவுடர் வாசனை வந்தால் எனக்கு நீதான் நினைவுக்கு வருகிறாய். பவுடரே போடாத நீ.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன்னைக் கேட்காமல் உன் நக்கோடாவுக்கு வயதாக்கிவிட்டேன். அதைச் செய்த நாளிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போனை எடுக்கத் தோன்றுகிறது. நீ திட்டுவாயா, விழுந்து விழுந்து சிரிப்பாயா என்று தெரியாமல் மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான். அப்படிச் சொன்னால்தான் எனக்குக் கோவையாக வருகிறது.

கழிமுகம் நாம் சில பேர் ஆன்லைனில் சேர்ந்து எழுதும் ஒரு துறைமுக நாடு. ஆளுக்கொரு பாத்திரம். மூலிகை விற்கும் அல்லி பேசினால் அது நான். கப்பல் தலைவன் நக்கோடா பதில் சொன்னால் அது நீ. சொந்தப் பெயரை யாரும் கேட்பதில்லை. குரூப்பில் எல்லாருக்கும் நீ நக்கோடாதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் படத்தோடு ஒரு பக்கம் உண்டு. அதில் 'தோற்றம்' என்று ஒரு பத்தி. கதையில் வருடங்கள் தாண்டும்போது அவரவர் அந்தப் பத்தியைத் திருத்தி எழுத வேண்டும். அடுத்தவர் தோற்றத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்காகச் சண்டை போட்டவனே நீதான்.

வருடம் தாண்டுவதற்கு நம் குரூப்பில் 'திரை' என்று பெயர். வெளியாட்கள் ஏன் என்று கேட்டால் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் படித்தது மலாய்ப் பள்ளி. தமிழை கமெண்டுகளிலும் சப்டைட்டில்களிலும் எழுத்துக்கூட்டி நானாகப் பிடித்துக்கொண்டேன். நான் சேர்ந்த புதிதில், 'கிழட்டு மாலுமி நரையும் திரையுமாக வாசலில் வந்து நின்றான்' என்று நீ எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்த திரை ஜன்னலில் தொங்குவது. பாவம், கிழவன் முகத்தை மூடிக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்து, 'அல்லி அவன் திரையை மெல்ல விலக்கிப் பார்த்தாள்' என்று பதில் எழுதினேன். பிறகு தனியாக உன் மெசேஜ் வந்தது.

"திரைன்னா தோல் சுருக்கம் லா. நீ இப்ப அந்தத் தாத்தாவோட தோல உரிச்சிட்ட, தெரியுமா?"

நான் குரூப்பை விட்டே ஓடிவிட இருந்தேன். அதற்குள் நீ கதையிலேயே, 'மாலுமி "ஐயோ" என்று அலறி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்' என்று எழுதிவிட்டாய். என் தப்பு கதைக்குள் போய்விட்டது. அன்றிலிருந்துதான் "அடுத்த திரை எப்ப?" என்று கேட்கும் பழக்கம்.

அதற்கப்புறம்தானே ஜொகூர் பாருவில் எல்லாரும் நேரில் சந்தித்தோம். அவரவர் பாத்திரம் கிழமான கோலத்தில் வர வேண்டும் என்று போட்டி. ஒரு மண்டபம், ஏர்கான் வேலை செய்யவில்லை. எல்லாத் தலையிலும் பவுடர். அரை மணி நேரத்தில் அது வியர்வையோடு கரைந்து எல்லார் காது ஓரமும் பால் வழிகிற மாதிரி வழிந்தது. என் தலையில் கொட்டியது பாதி கழுத்துக்குள் இறங்கி அரித்தது. நீ மட்டும் கறுகறுவென்று முடியை வாரிக்கொண்டு வந்தாய். லோகேஸ், நம் குரூப்பை நடத்துகிறவர், கடுப்பாகிவிட்டார்.

"என்னடா இது, வேசமே போடாம வந்து நிக்கிற?"

"தலையில மாவக் கொட்டுனா வயசாயிருமா? அப்ப ரொட்டி சானாய் போடுற அண்ணனுங்க எல்லாம் தாத்தாவா?"

பிறகு உன் காலரைத் தொட்டுக் காட்டினாய். பண்டல் கடையில் பழைய துணிகளுக்குள் தேடி எடுத்த சட்டை, உன் அளவைவிடப் பெரியது. காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. கைக்கடிகாரம் மணிக்கட்டில் இருந்து நழுவிக்கொண்டிருந்தது. கால்சட்டை இடுப்புக்கு மேலே ஏறி, பெல்ட்டில் சுருங்கி நின்றது. "வயசானா ஆளு சுருங்குறான். சட்ட சுருங்க மாட்டேங்குது. அதத்தான் பாக்கணும்" என்றாய். சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் ஒவ்வொருவராக நிறுத்தினோம். ஒரு நிமிடம் உண்மையாகவே அங்கே ஒரு கிழவர் நின்றார்.

உனக்கு ஆகவே ஆகாதது ஒன்று உண்டு. எத்தனை வருடம் தாண்டினாலும் நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று மட்டும் சேர்த்து, 'இன்னும் வசீகரமாக இருந்தான்' என்று எழுதுவது. "கழிமுகத்துல சோறு கெடைக்கறதே கஷ்டம். இவனுக்கு மட்டும் ஸ்கின்கேர் எங்கேருந்து வந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் கிழிப்பாய். நான் அல்லிக்குக் கால் நரம்பு புடைத்திருந்தது என்று எழுதிய அன்று ஒரு கைதட்டும் படம் அனுப்பினாய். நான் அதை இன்னும் அழிக்கவில்லை.

அப்புறம் அந்த மழை. சிங்கப்பூர் வேலைக்கு மோட்டாரில் போகிற வழி, பாலத்துக்கு முந்தைய சாலை, ஒரு லாரி. இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. உனக்கு இருபத்தைந்து. போன திரைக்குப் பிறகு நக்கோடாவுக்கும் அதே வயதைத்தான் நீ வைத்திருந்தாய்.

சில மாதம் யாரும் கதையைத் தொடவில்லை. போன மாதம் லோகேஸ் வாய்ஸ் காலில் எல்லாரையும் கூப்பிட்டார். திரை போட்டுவிடலாம், முப்பது வருடம் தாண்டிவிடலாம், அப்போதுதான் மறுபடி எழுத வரும் என்றார். எல்லாரும் சரி என்றோம். அப்புறம் அவர்தான் உன் பேச்சை எடுத்தார்.

"நக்கோடாவ அப்படியே விட்டுருவோம். கடல்லயே இருக்கான், வயசே ஆகல, லெஜெண்ட் மாதிரி. அந்தப் படத்தையும் மாத்த வேணாம்."

"அவனுக்கு அது புடிக்காது அண்ணா" என்றேன்.

"புடிக்காதுன்னு அவனா வந்து சொன்னான்?"

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. சொன்ன உடனே அவர் குரலே உடைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "சரி, நீ எழுது. உன்னால முடிஞ்சா எழுது. இல்லன்னா அப்படியே இருக்கட்டும்" என்றார்.

வீராப்பாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. முகத்துக்கு வயதேற்றும் ஆப்பில் உன் போட்டோவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளைத் தாடி, கண்ணோரம் கோழிக்கால் கோடுகள். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவின் சுருக்கத்தை எடுத்து உன் மேல் ஒட்டியிருந்தது. போனைக் கட்டிலில் எறிந்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி எறிந்தேன். எனக்கு உன் முகம் தெரியும், உன் வயதான முகம் தெரியாது. அது எங்கேயும் இல்லை என்பதுதான் என்னை அறைக்குள் நடக்க வைத்தது.

அது எங்கே இருக்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை திடீரென்று உறைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் உன் ஊரான ரெங்கத்துக்குக் காடியை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

உன் அப்பா வாசலில் செருப்புக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு நீங்கள் இரண்டு பேர் இருந்த வீடு. இப்போது அவர் மட்டும்.

"வாம்மா, பசியாறியாச்சா? காரியத்துக்கு வந்த பொண்ணுதானே நீ? மூலையில நின்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தியே."

"அழாம இருக்கத்தான் அங்கிள். உங்க மகனோட ஆன்லைன் கூட்டாளி நான்."

கோப்பி கலக்கிக் கொடுத்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கதை, கழிமுகம், திரை, லோகேஸ்.

"இரு இரு. அதுல என் மகனுக்கு என்ன வேல?"

"கப்பல் தலைவன் அங்கிள்."

"அலமாக்! அவனுக்கு நீச்சலே தெரியாதே."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் கேட்டார், "இப்ப அவனுக்கு அதுல எத்தன வயசு ஆகணும்?"

"இருபத்தஞ்சோட முப்பது. அம்பத்தஞ்சு."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கு இப்ப அம்பத்தஞ்சு."

அதை நான் கணக்குப் போட்டுக்கொண்டு போகவில்லை. சத்தியமாக இல்லை. அவரிடம் உன் முகம் கொஞ்சம் தெரியும் என்றுதான் போனேன். அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே வயசு. இனிமே அப்பான்னு கூப்பிட மாட்டான் லா. 'என்னா பாஸ், ஒரு டீ அடிக்கலாமா'ன்னுதான் கேப்பான்."

"அங்கிள், உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம். லோகேஸ் அண்ணன் சொன்ன மாதிரி அப்படியே இளமையா விட்டுரலாம்."

அவர் மாலை போட்ட உன் போட்டோவைக் கையால் காட்டினார். "அப்படியே இருக்கறது ஒண்ணு இங்க மாட்டியிருக்கேன். அது போதும். அங்கயாச்சும் அவனுக்கு வயசாகட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து அலமாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். "எழுதிக்கோ" என்றார். நான் போனில் தட்டத் தட்ட, அவர் தன்னைத் தானே பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். "எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குத் தல நரைக்காது. புருவம்தான் மொதல்ல வெளுக்கும். பாரு. மூக்குல முடி வரும், அதெல்லாம் எழுத மாட்டீங்க."

"எழுதுவேன் அங்கிள்."

"இந்தக் கன்னத்துல மட்டும் ஒரு கோடு இருக்கு பாரு. நான் ஒரு பக்கமாத்தான் சிரிப்பேன். அவனும் அப்படித்தான்." விரலை அந்தக் கோட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அவனுக்கு இன்னும் விழல."

நான் தலையைக் குனிந்து தட்டிக்கொண்டே இருந்தேன். என்ன தட்டினேன் என்று தெரியாது, பிறகு எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருந்தது. மேசையிலேயே உட்கார்ந்து எழுதிப் படித்துக் காட்டினேன். 'காலம் செதுக்கிய கம்பீர முகம்' என்று ஆரம்பித்தேன்.

"யாரு மொகம் அது? எலெக்சன் போஸ்டரா?"

அதை அடித்தேன். கடைசியில் இப்படி நின்றது:

'நக்கோடாவுக்கு ஐம்பத்தைந்து. தலை கறுப்பு, புருவம் வெளுப்பு. இடது கன்னத்தில் மட்டும் ஒரு கோடு. ஒரு பக்கமாகவே சிரித்து விழுந்தது. மூக்கு முடியை யாரும் அவரிடம் சொல்வதில்லை, அவரும் வெட்டுவதில்லை. நீச்சல் இன்னும் தெரியாது.'

அங்கிருந்தே போட்டுவிட்டேன். லோகேஸ் எழுதுவது மாதிரியும் நிறுத்துவது மாதிரியும் புள்ளிகள் வந்து வந்து போயின. பிறகு அவருடைய பாத்திரமான மீன்காரன் மூலம் ஒரே வரி எழுதினார்: 'நக்கோடா, உமக்கு வயசாயிருச்சுய்யா.' நக்கோடாவுக்காக யாரும் பதில் எழுதவில்லை. எழுதவும் மாட்டோம். உன் பேச்சு உன்னுடையது. அவர் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் வணக்கம் சொல்லிக் கடந்து போகிறார்கள். அவ்வளவுதான் செய்தேன். இதற்கு நீ திட்டினால் திட்டிக்கொள்.

கிளம்பும்போது அப்பா கேட் வரைக்கும் வந்தார். "அடுத்த திரை எப்ப?"

"வருசக் கடைசியில இருக்கும். இன்னொரு பத்து வருசம் தாண்டும்."

"அப்ப அவனுக்கு அறுவத்தஞ்சு. நான் இன்னும் அங்க போகலையே. எதப் பாத்து எழுதுவ?"

நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. "மத்தவங்களுக்கெல்லாம் கதை வேகத்துல ஆகட்டும் அங்கிள். நக்கோடாவுக்கு மட்டும் உங்க வேகத்துல ஆகும்."

அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப பிரஷர் மாத்திரைய ஒழுங்காப் போடணுங்கற."

"போடலையா அங்கிள்?"

"இனிமே போடறேன்."

காடியை எடுத்து மூலை திரும்பியதும் ஓரமாக நிறுத்தி அழுதேன். பிறகு லோகேஸிடம் போனில் சண்டை போட்டேன், ஒரு பாத்திரம் மட்டும் நிஜ நேரத்தில் வயதாகலாம் என்று சட்டத்தை மாற்றச் சொல்லி. மாற்றிவிட்டார். உன் சட்டத்தில் நான் போட்ட ஓட்டை அது. என்னிடம் உன் பொருள் எதுவும் இல்லை, உன் சட்டை இல்லை, கையெழுத்துகூட இல்லை. நீ எழுதி முடிக்காமல் விட்ட முகம்தான் என்னிடம் இருக்கிறது. அதை வருடா வருடம் ரெங்கத்துக்குப் போய்ப் பார்த்து, இருப்பதை இருக்கிறபடி எழுத வேண்டும். அழகாக்கக் கூடாது. அது எனக்குப் பயமாகவும் இருக்கிறது, அந்தப் பயத்தை விடவும் மனசில்லை.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அப்பாவிடமிருந்து ஒரு போட்டோவும் ஒரு வாய்ஸும் வந்தன. கண்ணாடிக் கடையில் நிற்கிறார். மூக்கில் ஒரு புதுக் கண்ணாடி, விலைச் சீட்டு காதோரம் தொங்குகிறது. "மா, எழுத்து மங்குது, கண்ணாடி போடச் சொல்லிட்டாங்க. இது அவனுக்கு நல்லா இருக்குமா பாரு. கடைக்காரரு காத்துக்கிட்டு இருக்காரு, சீக்கிரம் சொல்லு."

பெரிதாக்கிப் பார்த்தேன். பதில் பேசினேன்.

"இன்னும் கொஞ்சம் அகலமான பிரேம் கேளுங்க அங்கிள். அவன் மூக்கு பெருசு."