கப்பலுக்கு ஒரு பாதுகாவலர்

மனுரேவா, ஆக்லாந்து
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அகிலுக்கு,

அண்ணன் மதன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று முதலில் எழுது என்கிறாள் அம்மா, எழுதிவிட்டேன். ஆனால் அவள் பத்து நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, உன் அண்ணி அஸ்வினிக்கு ஆறாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் சூப்பர் அண்ணா என்பாய். போனில் நீ பேசுவதே சரியில்லை, மெஸ்ஸில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாய், பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள், நான் ஒன்று கேட்டால் நீ வெயிலைப் பற்றிச் சொல்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம், போனுக்கு அனுப்பினால் பாதியில் மூடிவிடுவாய். வியாழக்கிழமை படகில் உங்களுக்குக் காய்கறி கொண்டுவரும் மாலுமிகள் நலச் சங்கத்துக்காரருக்கு இதைப் படமெடுத்து அனுப்புகிறேன், பிரிண்ட் போட்டு உன் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கப்பலில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான், அது நல்லதாகப் போயிற்று. தனியாக உட்கார்ந்து படி.

உங்கள் கப்பல் கால்வாய்க்குக் குறுக்கே சிக்கி, ஆறு நாள் ஊர் உலகத்தையே நிறுத்தி வைத்தபோது நான் பயப்படவில்லை. முந்நூற்றைம்பது மீட்டர் இரும்பு, பக்கக் காற்று, மூக்கு மணலில் ஏறிவிட்டது, தோண்டி, நீர் ஏறும் நேரம் பார்த்து இழுத்தால் வரும், வந்தும்விட்டது. எல்லோரும் கைதட்டி டிவியை அணைத்துவிட்டார்கள். போன சனிக்கிழமை பக்குரங்கா பிளாசாவில் மரகதம் ஆன்ட்டி அம்மாவைப் பிடித்துக்கொண்டு, "ஏன் கல்யாணி, உன் புள்ள வழிய மறிச்சுக்கிட்டு நின்னதுல என் மருமவளோட சோபா செட்டு இன்னும் நடுக்கடல்ல கெடக்கு, அது வர்ற வரைக்கும் உன் வீட்டுச் சோபாவ அனுப்பு" என்றார். அம்மாவும் சிரித்தாள். கார் பார்க்கில் வந்து கதவைத் திறக்காமல் நின்றுகொண்டு என்னிடம், "எல்லாக் கப்பலும் போயிடுச்சே மதன், இவன் கப்பல் மட்டும் ஏன்டா போகல" என்றாள். கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப்பை அவள் போனில் போட்டுக் கொடுத்தது என் முட்டாள்தனம். ஓடுகிற கப்பல் அம்பு மாதிரித் தெரியும், நின்ற கப்பல் வெறும் வட்டம். காலையில் விளக்கேற்றியதும் அந்த வட்டத்தைத்தான் பார்க்கிறாள். நேற்று வரை உன் பக்கத்தில் இரண்டு இழுவைப் படகுகள் நின்றன. இன்று அவையும் இல்லை.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. உங்களைக் கால்வாய் நடுவே அந்த ஏரியில் நிறுத்தி வைத்திருப்பது ரிப்பேருக்காக இல்லை, நஷ்டஈட்டு வழக்கில் கோர்ட் கப்பலைப் பிடித்து வைத்திருக்கிறது. உங்கள் கம்பெனி ஆபீசுக்கு நான்கு நாளாகப் போன் அடிக்கிறேன், மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. இப்படிப் பிடிபட்ட கப்பலுக்கு, அதில் இருக்கும் ஒருவனைப் பாதுகாவலர் என்று எழுதிக்கொள்வார்கள். ஒரு தாள் வரும், அந்த நாட்டு மொழியில். கீழே கையெழுத்து, பக்கத்தில் நீல மையில் கட்டைவிரல் ரேகை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள். வழக்கு முடியும்வரை, அல்லது இன்னொருவன் வந்து அதே இடத்தில் கையெழுத்துப் போடும்வரை, அவன் இறங்க முடியாது. அவன் போட்டால் மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். புரிகிறதா? செவ்வாய்க்கிழமை நீ பெருமையாகச் சொன்னாய், கேப்டன் கூப்பிட்டு டீ கொடுத்தார், நீ கெட்டிக்காரன், கல்யாணமும் ஆகவில்லை, சின்ன ஃபார்மாலிட்டி ஒன்று இருக்கிறது, முடித்துக் கொடுத்தால் சீஃப் ஆபீசர் பொறுப்பு உனக்குத்தான் என்றார் என்று. அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். இருபத்து மூன்று வயது மூன்றாம் அதிகாரியைக் கூப்பிட்டு எந்தக் கேப்டன்டா டீ கொடுப்பான்? நான்கு வருடம் கப்பல் இன்ஜினோடு மல்லுக்கட்டினேன், எனக்கு ஒருத்தனும் கொடுத்ததில்லை.

என் இரண்டாவது கப்பலில் போனபோது ஒரு துறைமுகத்துக்கு வெளியே துருப்பிடித்த கப்பல் ஒன்று நங்கூரத்தில் நின்றது, கம்பியில் ஒரு மஞ்சள் சட்டை காய்ந்தது. அதில் ஒரே ஆள்தான் இருக்கிறான், கையெழுத்துப் போட்டவன் என்றார்கள். எங்கள் சமையல்காரர் படகில் அரிசி அனுப்பினார். பதினான்கு மாதம் கழித்து அதே வழியாக வந்தோம். கப்பல் அங்கேயே நின்றது, சட்டையும் அதே கம்பியில் இருந்தது, மஞ்சள் போய் வெள்ளையாகியிருந்தது. ஹாரன் அடித்தோம், யாரும் வெளியே வரவில்லை. இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. மவுண்ட் வெல்லிங்டனில் என்னோடு குளிர்பதனக் கன்டெய்னர் ரிப்பேர் பார்க்கும் சோதிலிங்கம் அண்ணனிடம் இந்த வாரம் சொன்னேன், அவர் அகதி முகாமில் இருந்து வந்தவர், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "ஓம் மதன், வாசிக்கத் தெரியாத கடதாசியில நானும் ஒருக்கா கையெழுத்து வச்சனான். ரெண்டு கிழமைதான் எண்டு சொன்னவங்கள். அஞ்சு வருசம். தம்பியிட்ட சொல்லும், பேனையைக் கையிலயே வாங்க வேண்டாம் எண்டு" என்றார்.

இதில் என் தப்பும் இருக்கிறது. உன்னைக் கப்பலுக்கு அனுப்பும்போது ஏர்போர்ட்டில் நான் சொன்னேன், கேப்டனை எதிர்த்துப் பேசாதே, நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடு, கேள்வி கேட்டால் ரிப்போர்ட்டில் எழுதிவிடுவான் என்று. தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். நீ நான் சொன்னதை அப்படியே செய்கிறவன், அதுதான் என் பயம். அப்பா போனபிறகு உன் மூன்றாம் வகுப்பு ரேங்க் கார்டிலிருந்து, பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தில் போட்டவன் நான், அம்மா விடியும் முன்னே ஆஸ்பத்திரி ஷிப்டுக்குப் போய்விடுவாள், எனக்குப் பதினேழு வயது, நீ கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியதற்கும் திட்டிக்கொண்டே போட்டேன். அந்த உரிமையில் சொல்கிறேன். எனக்கு இந்த மொழி தெரியாது, தூதரகத்து ஆள் பக்கத்தில் இல்லாமல் போட மாட்டேன், இவ்வளவுதான் நீ சொல்ல வேண்டியது. சாரி சேர்க்காதே. கொடுத்தால் டீயையும் குடிக்காதே.

இதுவரை எழுதிவிட்டுச் சாப்பிட எழுந்தேன். அதற்குள் நீ அம்மாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறாய். கேப்டன் நாற்காலி, தோளில் புதுப் பட்டை, கையில் பெரிய கப், கீழே சீஃப் ஆபீசர் என்று எழுத்து. இளைத்துவிட்டாயா என்று பார்க்க அம்மா படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள், முகம், கழுத்து, கை. பிறகு, "என்னடா இது, இவன் கட்டைவிரல் நீலமா இருக்கு" என்றாள். கப்பலில் பெயிண்ட் வேலை நடக்கும் என்றேன். அஸ்வினி என்னையே பார்த்தாள், அவள் இந்தக் கடிதத்தைப் படித்திருந்தாள். உனக்கு மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை.

மேலே எழுதியதைக் கோடு போட்டு அடிக்கவில்லை, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது கைக்குக் கிடைத்த அன்றே அந்தத் தாளை எல்லாப் பக்கமும் படமெடுத்து அனுப்பு. இனி எதிலும் போடாதே. மற்றவர்கள் இறங்கும்போது ஒவ்வொருவன் வீட்டு நம்பரையும் வாங்கி வை. தண்ணீரும் டீசலும் எவ்வளவு மிச்சம் என்று நீயே அளந்து எழுது, அவர்கள் சொல்லிவிட்டுப் போவதை நம்பாதே. ஜெனரேட்டரை நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதே. தினமும் சட்டையை மாற்று. ஒரே சட்டையைக் காயப்போடாதே.

அம்மா ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள், நல்லா இருப்பா, நேரத்துக்குச் சாப்பிடு, பதவி வந்துட்டதுன்னு யாரையும் அதட்டாத என்கிறாள். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடாதே. கப்பலில் வேலைக்கு ஏறத் தேவையான என் கடல் சான்றிதழ் இன்னும் ஒன்றரை வருடம் செல்லும். டிராயரிலிருந்து எடுத்துத் தேதியைப் பார்த்தேன், திரும்ப உள்ளே வைக்கவில்லை. மேசையில் கிடப்பதை அஸ்வினி பார்த்தாள். எடுத்து வைக்கவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. தாளின் படத்தை மறக்காமல் அனுப்பு, எந்த இடத்தில் போட வேண்டும் என்று நான் பார்க்க வேண்டும்.

பெற்றோர் கையொப்பக் கட்டத்தில்,
மதன்குமார்