தரைக்கு அடியில் ஒரு வாத்து

மே 4
காலைத் தேநீரின்போது அப்பா கேட்டார்: "இல்கிஸ், கூடத்துத் தரைக்கு ஒட்டுப் போடலாமா, மொத்தமா மாத்திரலாமா? நீ சொல்லு."

நானா? சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பை நிரப்பி வைத்த நாளிலிருந்து இந்த வீட்டில் என்னை நம்பி யாரும் கரண்டியைக்கூடக் கொடுப்பதில்லை. பதினேழு வயதில் திடீர் மரியாதை. எங்கேயோ இடிக்கிறது.

தரை மோசம்தான். அடுப்போரப் பலகை மிதித்தால் அழுகிறது. அழுகியதால் அழுகிறது. அதன் அடியில்தான் என் ரப்பர் வாத்து குடியிருக்கிறது. மிதித்தால் 'கீய்ங்'. போன மாதம் பெரியப்பா பதறிப்போய்த் தன் பின்பக்கத்தையே தடவிப் பார்த்தார்.

மே 6
தச்சர் சபார் மாமா வந்து, பலகைகளைத் திருப்புளியால் குத்திப் பார்த்தார். "அடுப்போரம் பஞ்சாப் போச்சு, மத்தது தேவலை. ஒட்டுனா நாலஞ்சு வருஷம் தாங்கும். லார்ச் மரம் போட்டா, இவன் பேரன் இதுல ஓடுவான்."

இவன் பேரன்! கேட்டதோ அப்பா. காட்டியதோ என்னை.

புரிந்துவிட்டது. பொறி! எங்கள் வழக்கப்படி வீடு கடைக்குட்டிப் பையனுக்கு. வீட்டோடு அப்பா அம்மாவும் அவனுக்கு. 'மாத்துங்க' என்றால் நான் இந்தக் காரகோல் ஊரை விட்டு நகரமாட்டேன் என்று அர்த்தம் — லார்ச்சோடு சேர்த்து எனக்கும் ஆணி. 'ஒட்டுங்க' என்றால் ஓடப் பார்க்கிறேன் என்று தெரிந்துவிடும். பிஷ்கெக் நாடகக் கல்லூரி ஆசை குபாத் அண்ணனுக்கு மட்டும்தானே தெரியும்?

மே 7
விசேஷம் எதுவுமில்லை. அம்மா விருந்துநாள் பலகாரமான போர்சோக் பொரித்தாள். ஏன்?

மே 8
அண்ணனுக்குப் போன் போட்டேன். "உளறிட்டியா?"

"சத்தியமா இல்லடா. நான் மூத்தவன், கல்யாணம் ஆச்சு, தனியா வந்துட்டேன். கடைக்குட்டி நீதான். அனுபவி ராஜா!" சிரிப்பு வேறு.

மே 11
கொட்டகையில், குதிரைப் போர்வைக்கு அடியில் — லார்ச் பலகைகள்! புத்தம் புதுசு. காற்றுப் போக இடையிடையே குச்சி வைத்து அடுக்கியிருக்கிறது. முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்கள்.

மே 12
பொறுக்க முடியவில்லை. சாப்பிடும்போது கத்திவிட்டேன். "பலகையே வாங்கியாச்சு! அப்புறம் என்கிட்ட எதுக்கு இந்த நாடகம்?"

"நாடகம் நீதானே படிக்கப் போற? எங்களுக்கு எதுக்கு?" என்றார் அப்பா, ரொட்டியைப் பிய்த்தபடி.

யார் — யார் சொன்னது?

"கொட்டகையில கிடாவுக்கு தினம் நடிச்சுக் காட்டுறியே. அது வந்து சொல்லிருச்சு."

"பாவம், பொழுதன்னைக்கும் அழுதுட்டே இருக்கு," என்றாள் அம்மா.

பிறகு அப்பா ரொட்டியைக் கீழே வைத்தார். "அது பச்சை மரம்டா. காயணும். நாலு வருஷம் காஞ்சாலும் கெட்டுப்போகாது, இன்னும் நல்லது. அதுவரைக்கும் ஒட்டுத் தாங்கும். நீயா வாயத் தொறப்பேன்னுதான் கேட்டேன்."

கல்லூரியும் நாலு வருஷம். காயப் போவது மரமா, நானா? இது விடுதலையா, நீளமான கயிறா? அவர் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"ஒட்டுங்க," என்றேன். குரல் அந்தப் பலகை மாதிரியே வந்தது.

ஜூன் 19
பலகைக்குப் பல கை: மாமா, அப்பா, நான். அடுப்போரப் பலகைக்கு ஆணி நான்தான் அடித்தேன், ஆடாமல் அசையாமல். அதற்கு முன் வாத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். தரைக்கு அடித்த பழுப்பு வர்ணம் காயும்வரை எல்லோரும் முற்றத்தில் சாப்பிட்டோம். அம்மா என் தட்டை மட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 21
இடம் கிடைத்துவிட்டது. முதலில் கிடாவிடம்தான் சொன்னேன்.

செப்டம்பர் 3, பிஷ்கெக்
அம்மா போனில் திட்டினாள். "ஊரை விட்டுப் போயும் உன் சேட்டை போகலையேடா! நேத்து சபார் வந்தார். அடுப்போரம் கால வச்சாரு, கீய்ங்! டீயெல்லாம் மடியில. உங்கப்பா சிரிக்கிறாரு, சிரிக்கிறாரு, கண்ணுல தண்ணி நிக்கவேயில்ல."

வாத்து இதோ என் மேசைமேல் இருக்கிறது.

அந்தப் பலகையின் ஆணிகளை யாரோ கழற்றியிருக்கிறார்கள். கடைக்குப் போய்ப் புது வாத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

அப்பா மேல் எனக்குப் பலத்த சந்தேகம்.