இறால் மிஷின் காட்டிய எடை

அன்பு மகன் மோகன்குமாருக்கு அம்மா அம்மணி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம். ஷார்ஜா வெயிலில் நீ வாடிப்போகாமல், வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க எல்லையம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். தங்கச்சியும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை கண்ணு. நாளைக் காலையில் பால்ராஜ் லீவு முடிந்து கிளம்புகிறான், அவனிடம் இறால் ஊறுகாயோடு இதையும் கொடுத்து விடுகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் நீ ஸ்பீக்கரில் போட்டு, ரூமில் இருக்கிற பசங்களிடம் "எங்க அம்மாவே சொல்லுது, கேட்டுக்கோங்கடா"ன்னு சிரித்தாய், நான் வாயை மூடிக்கொண்டேன். எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றால் போன் எந்நேரமும் சந்தியா கையில். அவள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். நீயும் பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். குடலுக்கு நல்லது என்று நீ அனுப்பிய பவுடரைக் குடித்துச் சந்தியா ஏழு கிலோ குறைந்தாள் என்று நான் சொன்னது பொய். முதலில் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் எடை போட்டபோது ஐம்பத்தெட்டு கிலோ இருந்தாள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இது ரொம்ப அதிகம் என்று டீச்சர் சொல்லி, அதைக் கேட்டுத்தானே நீ பவுடர் வாங்கி அனுப்பினாய். இரண்டு மாதம் காலையும் மாலையும் கரைத்துக் கொடுத்துவிட்டு, எடை எப்படி என்று நீ தினமும் நச்சரித்ததால், கரைக்குப் போன ஒருநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போய் ராஜேந்திரன் இறால் கொட்டகையில் பெட்டி நிறுக்கிற மிஷின் மேல் ஏற்றிவிட்டேன். ஐம்பத்து மூன்று காட்டியது. அந்த மிஷின் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ விழுங்கும் என்று இந்த ஊரில் தெரியாதவர் யார்? இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நாள் முழுக்கத் தடவிப் பிடித்து வருகிற இறாலை அது குறைத்துக் காட்டுகிறது என்று வாரத்துக்கு ஒருதரம் அவனோடு சண்டை போடுகிறவளே நான்தான். அன்றைக்கு என் பிள்ளையைக் குறைத்துக் காட்டியதும் எனக்கு இனித்துவிட்டது. உள்மனசு சொன்னது, நான் கேட்கவில்லை. ஐந்து கிலோ குறைந்தாள் என்று உனக்குப் போன் போட்டேன். நீ அழுதாய். அங்கே போன நாலு வருஷத்தில் உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. அடுத்த மாதம் நீ கேட்டபோது எடை போடாமலே இன்னும் இரண்டு கிலோ என்று சொல்லிவிட்டேன். அதுதான் பொய் என்று தெரிந்தே சொன்ன பொய்.

போட்டோ அனுப்பு என்றாயே, அந்தப் போட்டோவுக்காக அவளைக் குளிப்பாட்டும்போது கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. குளிக்கச் சோம்பல்பட்டு அழுக்கு அடைந்துவிட்டது என்று திட்டிக்கொண்டே பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்த்தேன். வலிக்குதும்மா என்று கத்தினாள், விடவில்லை, தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அதன் மேல் முகப் பவுடர் பூசிவிட்டுத்தான் உனக்குப் படம் எடுத்தேன். நீ அதைப் போட்டு, என் தங்கச்சி ஏழு கிலோ குறைந்தாள் என்று எழுதி, எல்லா குரூப்பிலும் அனுப்பிவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நல்லதை நாலு பேருக்குச் சொல்கிறோம் என்று நினைத்தாய்.

போன வாரம் சந்தியாவுக்கு வலது பக்கம் விலாவுக்குக் கீழே விண்விண் என்று வலி, முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டு படி ஏற முடியவில்லை. நைனா வலைக்குப் போகாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே எடை போட்டார்கள், அறுபத்திரண்டு. ஸ்கேனும் ரத்தமும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, சர்க்கரை விளிம்பில் நிற்கிறது, உடம்புக்குள்ளே அழற்சி இருக்கிறது என்றார்கள். காயம் பட்ட இடம் வீங்கிச் சூடாக இருக்குமே, அது மாதிரி வெளியே தெரியாமல் உள்ளே கனன்றுகொண்டே இருக்கிறதாம். டாக்டரம்மா அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு யார் இப்படித் தேய்த்தது என்று கேட்டாங்க. நான்தான் என்றேன். "இது அழுக்கு இல்லம்மா, தேய்ச்சா போகாது. சர்க்கரை வரப்போகுதுன்னு உடம்பு எழுதிக் காட்டுது"ன்னு சொன்னாங்க. பிள்ளை மூன்று மாதமாகக் கழுத்தில் சேதி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், நான் சோப்புப் போட்டிருக்கிறேன்.

பவுடர் பாக்கெட்டையும் காட்டினேன். அந்தம்மா அதை விஷம் என்று சொல்லவில்லை, நியாயமாகத்தான் பேசினாங்க. குடலில் நல்ல கிருமிகள் உண்டு, அதற்கான மருந்தைக் குண்டான பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், சிலருக்கு இந்த அழற்சி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை, இதை நம்பி மற்றதை விட்டுவிடத்தான் கூடாது என்றாங்க. நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டோமே மோகன். பவுடர் பார்த்துக்கொள்ளும் என்று சாயங்காலம் பரோட்டாவும் கலர் சோடாவும் வாங்கிக் கொடுத்தவள் நான். உனக்குப் பிறகு இரண்டு வயிற்றிலேயே போய், பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள், கன்னம் உப்பி இருந்தால்தான் எனக்கு மனசு ஆறும். போதாததற்கு அந்த ஆரஞ்சுப் பவுடரில் பாதி சர்க்கரைதான் என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினாங்க. வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து ஒளித்தேன். சந்தியா தேடி எடுத்து ஒரே நேரத்தில் மூன்று பாக்கெட் கரைத்துக் குடிக்கிறாள். ஏன்டி என்று பிடுங்கினால், "நான் கொறஞ்சிட்டேன்னு அண்ணன் ஊருக்கெல்லாம் சொல்லிச்சே, இப்போ இன்னாம்மா பண்றது"ன்னு கேட்கிறாள்.

அவளையாவது கண்ணெதிரே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், இப்போது கேழ்வரகும் கீரையும்தான் சமையல், நைனா சாயங்காலம் முகத்துவாரம் வரை நடக்கக் கூட்டிப்போகிறார். என்னைத் தூங்க விடாதது கோமளா மகன் பிரகாஷ். நம் தெருக் கோடி வீட்டுக் கோமளாதான், நீ வந்தபோது நண்டுக் குழம்பு கொடுத்தாளே. அவனும் குண்டு, போன வருஷமே சர்க்கரை வந்து தினம் மாத்திரை போடுகிற பிள்ளை. உன் போட்டோவைப் பார்த்துவிட்டு நம்மிடமிருந்து பவுடர் வாங்கிப்போனாள். பவுடரை நம்பி அவனுக்கு மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. அவனுக்கு ஓயாமல் தாகம், ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறானாம், வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். டாக்டரம்மாவிடம் சொன்னதற்கு, அந்தப் பிள்ளையை உடனே கூட்டி வரச் சொல்லிப் பதறினாங்க. நான் அன்றைக்கே கோமளா வீட்டுக்கு ஓடினேன். எடை குறைந்ததெல்லாம் பொய், மிஷின் பொய், நான் பொய் என்று வாசலில் நின்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "உம் பொண்ணுக்குக் கொறையலாம், எம் புள்ளைக்குக் கொறையக் கூடாதாக்கா"ன்னு கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மிச்சப் பவுடரை எனக்கே வைத்துக்கொள்ளத்தான் இப்படிப் பேசுகிறேன் என்று தெருவில் பேச்சு. நைனா அவள் புருஷனிடம் போனார், உன் மகன் சொல்லட்டும் கேட்கிறேன் என்று அவனும் சொல்லிவிட்டான்.

அதனால் இது உன் கையில் இருக்கிறது கண்ணு. கடிதம் படித்த கையோடு கோமளாவுக்குப் போன் போடு. எனக்குப் போடாதே, அவளுக்குப் போடு. குரூப்பிலும் உன் வாயாலேயே பேசி அனுப்பு, போட்டோவை எடுத்துவிடு. யோசித்து யோசித்து நாசூக்காகச் சொல்லாதே, நம்ப மாட்டார்கள். "எங்க அம்மா பொய் சொல்லிச்சு, நான் அதை நம்பிட்டேன்"ன்னு சொல்லு. அம்மாவைப் போய் எப்படிச் சொல்வது என்று நினைக்காதே. உன்னை வளர்க்க இந்த அம்மா எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறாள், இதையும் கேட்பாள்.

என் மேல் கோபம் வந்தால் வரட்டும், அதற்காகச் சாப்பிடாமல் இருந்துவிடாதே. நீயும் அங்கே கலரும் பர்கரும் குறைத்துக்கொள், போன வீடியோவில் உன் முகமும் உப்பலாகத் தெரிந்தது. எல்லையம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நூறு வயசு நீ நல்லா இருக்கணும். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேருகிற கணக்குப் பார்த்து, பிரகாஷை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் வைத்திருக்கிற நாள் வருகிற புதன்கிழமை, காலை ஏழு மணிக்குப் பஸ். செவ்வாய் இரவுக்குள் நீ பேசினால் அந்தப் பஸ்ஸில் கோமளா ஏறுவாள். பிள்ளையைத் தூக்கி வைக்க நானும் போவேன், அவள் என் முகத்தில் துப்பினாலும் போவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. அம்மணி